தாமதத்தைக் கழித்துத் திருத்திய பிறகும் "ஒரே நேரம்" ஏன் ஒத்துப்போவதில்லை?

தாமிரபரணி22

வணக்கம். பிஎஸ்சி இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன். அடுத்த வாரம் வகுப்பில் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியலில் வரும் உடனிகழ்வை, அதாவது இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடப்பதைப் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும். தலைப்பை நானேதான் கேட்டு வாங்கினேன், ஏனென்றால் முதன்முதலில் படித்த நாளிலிருந்தே இந்த ஒரு இடம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ரயில் உதாரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓடுகிற ரயிலின் இரண்டு முனைகளையும் மின்னல் தாக்குகிறது. பிளாட்பாரத்தில் சரியாக நடுவில் நிற்பவரிடம் இரண்டு வெளிச்சமும் ஒன்றாக வந்து சேர்கின்றன, அதனால் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன என்கிறார். ரயிலின் நடுப்பெட்டியில் இருக்கும் பயணி முன்பக்க வெளிச்சத்தை எதிர்கொண்டு போகிறார், பின்பக்க வெளிச்சத்தை விட்டு விலகிப் போகிறார். எனவே முன்பக்க வெளிச்சம் அவரிடம் முதலில் வருகிறது. இதுவரை சரி. உடனே அடுத்த வரி, "ஆகவே அவரைப் பொறுத்தவரை முன்பக்க மின்னல்தான் முதலில் நடந்தது."

இந்த "ஆகவே" எனக்கு இறங்கவே மாட்டேன் என்கிறது. மழைநாளில் மின்னலைப் பார்த்துவிட்டு எண்ணுகிறோம், 5 வினாடி கழித்துச் சத்தம் கேட்டால் 1.7 கிலோமீட்டர் தள்ளி என்கிறோம். மின்னல் முதலில் நடந்தது, இடி 5 வினாடி கழித்து நடந்தது என்று யாரும் சொல்வதில்லையே. சத்தம் வரப் பிடித்த நேரத்தைக் கழித்துவிடுகிறோம். அதேபோல அந்தப் பயணியும் "நான் ஓடிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் முன்பக்கம் சீக்கிரம் தெரிந்தது" என்று கழித்துக்கொண்டால் அவருக்கும் பிளாட்பாரத்துக்காரரின் விடைதானே வரும்? அப்படியென்றால் இது வெறும் பார்வைத் தாமதம். இதைப் போய் காலத்தைப் பற்றிய பெரிய உண்மை என்று எப்படிச் சொல்வது?

சமன்பாடு தெரியும், லாரன்ஸ் உருமாற்றத்தில் எண்ணைப் போட்டால் விடை வந்துவிடுகிறது. எனக்கு வேண்டியது அது இல்லை. என் வாதத்தில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது, அதைக் காட்டுங்கள்.

மொட்டைமாடி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்சேபம் நியாயமானது. "முதலில் பார்த்தார், அதனால் அவருக்கு முதலில் நடந்தது" என்று யார் சொன்னாலும் அது தவறான பாடம். வெளிச்சம் வந்து சேரும் தாமதத்தை ஒழுங்காகக் கழித்த பிறகும் மிச்சம் நிற்கிற வித்தியாசத்தைப் பற்றித்தான் சார்பியல் பேசுகிறது. கழிக்காமலே பேசுபவர்கள்தான் உங்களைக் குழப்பியிருக்கிறார்கள்.

சரி, ஓட்டை எங்கே? கழிப்பது என்றால் தூரத்தை வேகத்தால் வகுத்துக் கழிக்க வேண்டும். எந்த வேகத்தால்? நீங்கள் சொல்கிற பயணி, முன்பக்க வெளிச்சம் தன்னை நோக்கி அதிக வேகத்தில் வந்தது, பின்பக்க வெளிச்சம் குறைந்த வேகத்தில் துரத்தியது என்று வைத்துக்கொண்டு வகுக்கிறார். அப்படி வகுத்தால் பிளாட்பாரத்தின் விடைதான் வரும், வேறெப்படி வரும், அந்த இரண்டு வேகங்களுமே பிளாட்பாரத்திலிருந்து கடன் வாங்கியவை.

சத்தமாக இருந்தால் இது சரியான திருத்தம். திறந்த சரக்குப் பெட்டியின் நடுவில் உட்கார்ந்து போகிறீர்கள், எஞ்சினும் கார்டும் ஒரே நேரத்தில் ஊதுகிறார்கள் என்று வையுங்கள். முகத்தில் காற்று அறைகிறது. சத்தம் அந்தக் காற்றில்தான் போகிறது, அந்தக் காற்றில் நீங்கள் எவ்வளவு வேகமாகப் போகிறீர்கள் என்று அளந்துவிடலாம், முன்னாலிருந்து வரும் சத்தத்துக்கு ஒரு வேகம், பின்னாலிருந்து வருவதற்கு இன்னொன்று என்று போட உங்களுக்கு உரிமை இருக்கிறது. வெளிச்சத்துக்கும் அப்படியொரு காற்று இருக்கும் என்றுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எல்லோரும் நம்பினார்கள். ஈதர் என்று பெயரும் வைத்தார்கள். பூமி சூரியனைச் சுற்றி வினாடிக்கு 30 கிலோமீட்டர் போகிறது, ஆகவே ஈதர் காற்று நம் முகத்தில் அறைய வேண்டும். 1887-ல் கிளீவ்லாந்தில் மைக்கேல்சனும் மோர்லியும் அந்தக் காற்றைத் தேடினார்கள். எதிர்பார்த்த அளவில் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆக ரயிலுக்குள் இருப்பவர் எந்தக் கருவியை வைத்து அளந்தாலும் முன்னாலிருந்து வரும் வெளிச்சத்துக்கும் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்துக்கும் ஒரே வேகம்தான் கிடைக்கும். இரண்டு முனைகளும் அவரிடமிருந்து சமதூரம். சம தூரம், சம வேகம், அப்புறம் தாமதமும் சமம். இரண்டிலிருந்தும் சம அளவு கழிக்கிறார். ஆனால் வந்து சேர்ந்த நேரங்கள் வேறு வேறு. சமமாகக் கழித்தால் வித்தியாசம் அப்படியே நிற்கும். அதுதான் உங்களுக்கு இறங்காத அந்த "ஆகவே".

முன்பக்க வெளிச்சம் பயணியிடம் முதலில் வந்தது என்பதில் பிளாட்பாரத்துக்காரருக்கும் சந்தேகமே இல்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு இடத்தில், ஒரு கடிகாரத்தின் முன்னால் நடப்பதைப் பற்றி யாருக்கும் சண்டை வராது. ஐன்ஸ்டைன் தன் 1905 கட்டுரையின் முதல் பகுதியிலேயே இதைத்தான் பிரித்துவைக்கிறார். ரயில் 7 மணிக்கு வந்தது என்றால், என் கடிகாரத்தின் சின்ன முள் 7-ஐத் தொட்டதும் ரயில் இங்கே வந்ததும் உடனிகழ்வுகள் என்று பொருள், அவ்வளவுதான். தொலைவில் நடப்பதற்கு நேரம் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எட்டாம்வாய்ப்பாடு

மேலே சொன்னதை எண்களில் போட்டுத் தருகிறேன். என்னைப் பொறுத்தவரை எண் போடாமல் இது யாருக்கும் உட்காராது. ஒளிவேகத்தை மைக்ரோ வினாடிக்கு 300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம் (சரியாகச் சொன்னால் 299.79). ரயில் ஒளிவேகத்தில் 60 சதவீதம், அதாவது மைக்ரோ வினாடிக்கு 180 மீட்டர். ரயிலுக்குள்ளேயே அளந்தால் நீளம் 750 மீட்டர். ஓடுகிற பொருளின் நீளம் ஓட்டத் திசையில் குறுகும், ஓடுகிற கடிகாரம் மெதுவாகும், இரண்டும் ஒரே காரணியால்; இந்த வேகத்துக்கு அந்தக் காரணி 1.25, எனவே பிளாட்பாரத்திலிருந்து அளந்தால் 600 மீட்டர்.

ரயிலில் மூன்று கடிகாரங்கள்: எஞ்சினில் ஒன்று, நடுப்பெட்டியில் ஒன்று, கார்டு பெட்டியில் ஒன்று. மூன்றையும் ரயிலில் இருப்பவர்களே ஒத்திசைத்து வைத்திருக்கிறார்கள். பிளாட்பாரத்திலும் அதேபோல, மின்னல் தாக்கப்போகும் இரண்டு இடங்களிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. எல்லாமே மைக்ரோ வினாடி காட்டும் கடிகாரங்கள். நடுப்பெட்டி பிளாட்பாரத்தின் நடுவைத் தாண்டும்போது இரண்டு நடுக் கடிகாரங்களும் 10.00 காட்டும்படி வைத்தாகிவிட்டது. மின்னல் விழும்போது அந்தந்த முனையில் இருக்கும் கடிகாரம் கருகி அப்படியே நின்றுவிடும். இந்தக் கருகிய கடிகாரங்கள்தான் முக்கியம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாட்பாரத்தின் கணக்கு: இரண்டு மின்னலும் 10.00-க்கு. முன்பக்க வெளிச்சமும் நடுப்பெட்டியும் ஒன்றையொன்று நெருங்குகின்றன, இடைவெளி 300 மீட்டர், நெருங்கும் வேகம் 300 + 180 = 480, ஆக 0.625 மைக்ரோ வினாடியில் சந்திப்பு. பின்பக்க வெளிச்சம் துரத்துகிறது, 300 − 180 = 120, ஆக 2.5 மைக்ரோ வினாடி. ஆனால் நடுப்பெட்டிக் கடிகாரம் 1.25 மடங்கு மெதுவாக ஓடுகிறது என்பதால் அது காட்டுவது முறையே 10.50, 12.00.

இப்போது பயணியின் இருக்கைக்கு வாருங்கள். அவர் கண்முன்னால் இருக்கும் கடிகாரம் 10.50 காட்டும்போது முன்பக்க வெளிச்சம், 12.00 காட்டும்போது பின்பக்க வெளிச்சம். இரண்டு முனையும் 375 மீட்டர் தூரம், 300-ஆல் வகுத்தால் 1.25. கழியுங்கள். முன்பக்க மின்னல் 9.25-க்கு, பின்பக்க மின்னல் 10.75-க்கு. ஒன்றரை மைக்ரோ வினாடி வித்தியாசம், தாமதத்தையெல்லாம் கழித்த பிறகு.

"இது அவர் போட்ட கணக்குத்தானே, கணக்கு தப்பாக இருக்கலாமே" என்று நீங்கள் கேட்பீர்கள். ரயிலை நிறுத்துங்கள். நடந்து போய்க் கருகிய கடிகாரங்களைப் பாருங்கள். எஞ்சின் கடிகாரம் 9.25-ல் நிற்கும், கார்டு பெட்டிக் கடிகாரம் 10.75-ல் நிற்கும். பிளாட்பாரத்தின் இரண்டு கடிகாரங்களும் 10.00-ல் நிற்கும். இதில் யாருடைய பார்வைக்கும் வேலையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பயணம் செய்தாலும் அந்தக் கடிகாரங்கள் அங்கேதான் நிற்கும், அடுத்த வருடம் வந்து பார்த்தாலும் அதே எண்கள்தான்.

தாமிரபரணி22

இரண்டு பேருக்கும் நன்றி. கடன் வாங்கிய வேகம் என்ற இடத்தில்தான் நான் வழுக்கியிருக்கிறேன். கருகிய கடிகாரத்தை வகுப்பில் சொல்லலாமா? அது அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் இன்னும் விடவில்லை. எஞ்சின் கடிகாரத்தையும் கார்டு பெட்டிக் கடிகாரத்தையும் ஒத்திசைத்தது ரயில்காரர்கள். அந்த ஒத்திசைவே தப்பு என்று பிளாட்பாரத்துக்காரர் சொல்லலாம் இல்லையா? "உங்கள் கார்டு கடிகாரத்தை முன்கூட்டி வைத்துவிட்டீர்கள், எஞ்சின் கடிகாரத்தைப் பின்தள்ளி வைத்துவிட்டீர்கள்" என்று. அப்படியானால் உண்மையான ஒத்திசைவு எது?

அப்புறம் இன்னொன்று. பிளாட்பாரத்திலிருந்து பார்த்தால் ரயில் கடிகாரம் மெது. ரயிலிலிருந்து பார்த்தால் பிளாட்பாரக் கடிகாரம் மெது. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்கும்? ஏ, பி-யைவிடக் குள்ளம், பி, ஏ-யைவிடக் குள்ளம் என்பது போல இருக்கிறது.

இரவுப்பணி

நான் தொலைத்தொடர்பு வலையமைப்பில் நேர ஒத்திசைவு பார்க்கிற ஆள். படித்தது மின்னணுவியல், இயற்பியல் இல்லை. ஆனால் இந்தத் தலைப்பு எனக்குத் தினசரி வேலை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் நிலையத்தில் மாடியில் ஜிபிஎஸ் ஆன்டெனா, கீழே அறையில் ரிசீவர். நடுவில் கேபிள். கேபிளில் ஒரு மீட்டருக்குச் சுமார் 5 நானோ வினாடி தாமதம். 30 மீட்டர் கேபிள் போட்டிருந்தால் ரிசீவரின் அமைப்பில் 150 என்று ஒரு கட்டத்தில் எண் போட வேண்டும். போட மறந்தால் அந்த நிலையத்தின் நேரமே 150 நானோ வினாடி பின்னால் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இடத்தில் கேபிளை மாற்றிவிட்டு அந்த எண்ணை மாற்றாமல் வந்துவிட்டோம், காரணம் கண்டுபிடிக்க மூன்று ராத்திரி ஆனது. இது நீங்கள் சொன்ன பார்வைத் தாமதம். கழித்தால் போய்விடும்.

கழித்தாலும் போகாதது ஒன்று இருக்கிறது. நிலநடுக்கோடு நெடுகக் கடிகாரங்களை வரிசையாக வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் அதன் கிழக்குப் பக்கத்துக் கடிகாரத்தோடு வெளிச்சத்தால் ஒத்திசைத்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒழுங்காகத்தான் இருக்கும். பூமியை ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வந்தால் கடைசிக் கடிகாரமும் முதல் கடிகாரமும் ஒத்துவராது. 207 நானோ வினாடி வித்தியாசம் நிற்கும். வெளிச்சம் அதற்குள் 62 மீட்டர் போய்விடும். கேபிள், கருவி, மனிதத் தவறு எதுவும் காரணமில்லை. பூமி சுழல்கிறது, ஒவ்வொரு கடிகாரமும் தன் பக்கத்துக் கடிகாரத்தோடு பேசும்போது தன் வேகத்துக்கேற்ற "ஒரே நேரத்தை"ப் பிடித்துக்கொள்கிறது, அந்தச் சின்னச் சின்ன வித்தியாசமெல்லாம் சேர்ந்து சுற்று முடியும்போது வெளியே தெரிகிறது. சான்யாக் விளைவு என்று பெயர், 1913-ல் சான்யாக் சுழலும் மேசையில் வெளிச்சத்தைச் சுற்றவிட்டுக் காட்டினார்.

அதனால்தான் ஜிபிஎஸ்ஸில் "எந்த ஒரே நேரம்" என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட்டார்கள். பூமியின் மையத்தோடு நகர்கிற, ஆனால் பூமியோடு சேர்ந்து சுழலாத ஒரு குறிப்பாயம் (இடத்தையும் நேரத்தையும் எதை வைத்து அளக்கிறோமோ அது), அதன் உடனிகழ்வுதான் எல்லாச் செயற்கைக்கோளுக்கும் தரையில் இருக்கும் நிலையங்களுக்கும் பொது. நீங்கள் கேட்ட "உண்மையான ஒத்திசைவு எது" என்பதற்கு என் அனுபவத்தில் விடை இதுதான்: ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு, மாற்றும்போது மாற்றுகிறோம் என்று எழுதிவைக்க வேண்டும்.

குறிப்பாயம் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் ஒரு ஆளை, அவர் கண்ணை நினைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அது கடிகாரங்களின் வலை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கடிகாரம், அங்கே நடப்பதை அங்கேயே குறித்துக்கொள்ளும், பிறகு எல்லாக் குறிப்பையும் ஒரு இடத்துக்குக் கொண்டுவந்து பார்த்துக்கொள்ளலாம். இப்படி நினைத்தால் பார்வைத் தாமதம் என்ற பேச்சே எழாது.

கரும்பலகை

முப்பது வருடம் கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். நன்றாகப் போகிற உரையாடல். ஒரு இடத்தை மட்டும் இறுக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மொட்டைமாடி நண்பர் "எந்தக் கருவியை வைத்து அளந்தாலும் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒரே வேகம்" என்று எழுதியிருக்கிறார். கண்ணாடி வைத்துப் போய்வர எவ்வளவு நேரம் என்று அளக்க ஒரே கடிகாரம் போதும், அங்கே தகராறு இல்லை. ஒருவழி வேகத்தை அளக்க இரண்டு முனையிலும் கடிகாரம் வேண்டும், அவை முன்பே ஒத்திசைந்திருக்க வேண்டும். ஒத்திசைப்பதற்கு வெளிச்சம் வேண்டும். வட்டமாகச் சுற்றுகிறது, பார்த்தீர்களா? ஐன்ஸ்டைன் இதை ஒளிக்கவில்லை. போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்பதை வரையறையாகவே வைக்கிறார். அவருக்கு முன்பே பிரெஞ்சுக் கணிதர் புவான்கரே 1898-ல் இந்தச் சிக்கலைக் கையிலெடுத்திருந்தார். பின்னால் தத்துவ அறிஞர் ரைக்கன்பாக் இதிலிருந்து, தொலைவில் நடக்கும் உடனிகழ்வு என்பது நாமாக வைத்துக்கொண்ட ஒப்பந்தம் என்று வாதிட்டார். இன்றுவரை தத்துவக்காரர்கள் இதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் தம்பி, வெறும் ஒப்பந்தம் என்று சொல்லி இதைத் தள்ளிவிட வேண்டாம். நடுப்பெட்டியில் இரண்டு கடிகாரங்களை ஒன்றாக வைத்து, ஒன்றை மிக மெதுவாக எஞ்சினுக்கும் இன்னொன்றை அதே மெதுவில் கார்டு பெட்டிக்கும் எடுத்துப் போங்கள். வெளிச்சத்தை வைத்து ஒத்திசைத்ததோடு அது ஒத்துப்போகும். பிளாட்பாரத்திலும் அதே வேலையைச் செய்யுங்கள், அங்கேயும் ஒத்துப்போகும். இரண்டு இடத்திலும் ஒரே செய்முறை, அக்கறையாகச் செய்தது, ஆனால் இரண்டு வலைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வது இந்த இடத்தைத்தான். பிளாட்பாரத்துக்காரர் ரயில் கடிகாரங்களைப் பார்த்துத் தப்பாக வைத்திருக்கிறீர்கள் என்கிறார், அவர் கணக்கில் கார்டு கடிகாரம் எஞ்சின் கடிகாரத்தைவிட 1.5 மைக்ரோ வினாடி முந்தி நிற்கிறது. ரயில்காரர்களும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள், அவர்கள் கணக்கில் பிளாட்பாரத்தின் முன்பக்கக் கடிகாரம் பின்பக்கக் கடிகாரத்தைவிட 1.2 முந்தி நிற்கிறது. இருவரில் ஒருவரைத் தப்பு என்று பிடிக்க இயற்கை எந்தப் பிடியும் கொடுக்கவில்லை.

இதைக் கேட்டதும் வகுப்பில் ஒருவர் கண்டிப்பாகக் கையைத் தூக்குவார்: "அப்படியானால் மகன் பிறந்த பிறகு அப்பா பிறந்தார் என்று யாராவது சொல்ல முடியுமா?" முடியாது. இரண்டு மின்னல்களும் பிளாட்பார அளவில் 600 மீட்டர் தள்ளி இருக்கின்றன, வெளிச்சம் அதைக் கடக்க 2 மைக்ரோ வினாடி வேண்டும். அதற்குக் குறைவான இடைவெளியில் நடந்தால்தான் வரிசை மாற இடம் உண்டு, ஏனென்றால் அந்த இடைவெளிக்குள் ஒன்றின் பாதிப்பு இன்னொன்றைத் தொடவே முடியாது. 2-க்கு மேல் போய்விட்டால் எவ்வளவு வேகத்தில் போகிறவரும் ஒரே வரிசையைத்தான் சொல்வார். காரணமும் விளைவும் எப்போதும் இந்த இரண்டாம் வகையில்தான் வரும்.

இருபது நிமிடத்தில் ஐந்து நிமிடத்தைப் படத்துக்கு ஒதுக்குங்கள். கணிதர் மின்கோவ்ஸ்கி 1908-ல் ஜெர்மனியின் கொலோனில் பேசியபோது கொடுத்த படம். குறுக்கே இடம், மேலே நேரம், வெளிச்சம் 45 பாகையில். பிளாட்பாரத்தின் "இப்போது" படுக்கைக் கோடு, ரயிலின் "இப்போது" சாய்ந்த கோடு. அளவுகோலை வைத்துக் கையால் வரையுங்கள், தயார்ப் படத்தைத் திரையில் காட்டினால் யாருக்கும் நிற்காது.

எட்டாம்வாய்ப்பாடு

குள்ளக் கேள்விக்கு அதே எண்களை வைத்தே பதில் இருக்கிறது.

பிளாட்பாரத்தின் நடுக் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 10.00-க்கு நடுப்பெட்டி அதைத் தாண்டியது. கொஞ்ச நேரம் கழித்துக் கார்டு பெட்டி அதைத் தாண்டும். கார்டு பெட்டிக் கடிகாரம் கருகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். ரயில்காரர் கணக்கில், 375 மீட்டரை 180-ஆல் வகுத்தால் 2.08, எனவே தாண்டும்போது கார்டு பெட்டிக் கடிகாரம் 12.08. அந்தக் கணத்தில் பக்கத்திலேயே இருக்கும் பிளாட்பாரக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தால் 11.67. ரயில்காரர் சொல்கிறார், "பாருங்கள், எங்களுக்கு 2.08 போயிருக்கிறது, உங்கள் கடிகாரத்துக்கு 1.67 தான், அது மெது." 2.08-ஐ 1.25-ஆல் வகுத்தால் 1.67, சரியாக இருக்கிறது.

பிளாட்பாரத்துக்காரர் 12.08 என்ற எண்ணையும் 11.67 என்ற எண்ணையும் மறுக்கவே மாட்டார், இரண்டும் அருகருகே நிற்கும் கடிகாரங்கள். ஆனால் அவர் சொல்வது வேறு: "நீங்கள் இரண்டு கடிகாரங்களைக் கலந்துவிட்டீர்கள். தொடக்கத்தை நடுப்பெட்டிக் கடிகாரத்தில் பார்த்தீர்கள், முடிவைக் கார்டு பெட்டிக் கடிகாரத்தில் பார்த்தீர்கள். என் கணக்கில் அந்தக் கார்டு கடிகாரம் 10.00-லேயே 10.75 காட்டிக்கொண்டிருந்தது. 10.75-லிருந்து 12.08-க்கு வந்திருக்கிறது, அதாவது 1.33 தான் ஓடியிருக்கிறது. எனக்கு 1.67 போயிருக்கிறது. மெதுவாக ஓடியது உங்கள் கடிகாரம்தான்." 1.67-ஐ 1.25-ஆல் வகுங்கள், 1.33.

இரண்டு பேரும் ஒரே எண்களை வைத்துக்கொண்டு நேர்மையாகப் பேசுகிறார்கள். யார் கடிகாரம் மெது என்று கேட்கும்போதே, தொலைவில் இருக்கும் கடிகாரம் "அதே நேரத்தில்" என்ன காட்டியது என்ற கேள்வியும் உள்ளே வந்துவிடுகிறது. குள்ளத்தில் அந்தச் சிக்கல் இல்லை, இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி அளந்துவிடலாம். நடுப்பெட்டிக் கடிகாரமும் பிளாட்பார நடுக் கடிகாரமும் ஒருமுறைதான் சந்திக்கின்றன, நேர்கோட்டில் சீராகப் போனால் மறுபடி சந்திக்கவே மாட்டா.

நீளக் குறுக்கமும் இதே கதைதான். ரயில்காரருக்கு பிளாட்பாரத்தின் 600 மீட்டர் 480 ஆகக் குறுகியிருக்கிறது, ரயில் 750. அப்படியிருக்க இரண்டு முனைகளும் இரண்டு மின்னலோடும் எப்படிப் பொருந்தின? 9.25-க்கு எஞ்சின் பொருந்தியது, 10.75-க்குத்தான் கார்டு பெட்டி பொருந்தியது, நடுவில் 1.5 மைக்ரோ வினாடியில் பிளாட்பாரம் 270 மீட்டர் பின்னால் நகர்ந்துவிட்டது. 480-ஐயும் 270-ஐயும் கூட்டுங்கள்.

மொட்டைமாடி

அன்றாட வாழ்க்கையில் இது எவ்வளவு என்று வகுப்பில் கேட்டால் சொல்ல: 200 மீட்டர் ரயில், மணிக்கு 108 கிலோமீட்டர். இரண்டு முனைகளுக்கும் நடுவே வரும் வித்தியாசம் பிக்கோ வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு. பிக்கோ வினாடி என்பது ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒன்று. அதனால்தான் நம் யாருக்கும் இது பழக்கத்தில் வரவில்லை.

ஆனால் வேகம் குறைவாக இருந்தாலும் தூரம் பெரிதாக இருந்தால் வித்தியாசம் வளர்ந்துவிடும். ஆண்ட்ரோமிடா விண்மீன் மண்டலம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரம். மொட்டைமாடியில் நின்றுகொண்டிருப்பவருக்கும் அதை நோக்கி நடப்பவருக்கும் "அங்கே இப்போது" என்பது கிட்டத்தட்ட 4 நாள் மாறும். நடக்கும் வேகத்தில்! இதைக் கேட்டுவிட்டு நடப்பதால் அங்கே ஏதோ ஆகிறது என்று நினைத்துவிடக் கூடாது. அங்கிருந்து இன்று வரும் வெளிச்சம் 25 லட்சம் வருடம் பழையது, நடந்தாலும் நின்றாலும் அதே வெளிச்சம்தான். நாம் இங்கிருந்து இழுக்கும் "இப்போது" கோடு கொஞ்சம் சாய்கிறது, 25 லட்சம் ஒளியாண்டு தள்ளிப் போனால் அந்தச் சின்னச் சாய்வு 4 நாளாகத் தெரிகிறது. இரவில் அங்கே பார்த்துக்கொண்டு நடக்கும்போது எனக்கு இது ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வரும்.

தாமிரபரணி22

நேற்று ராத்திரி உட்கார்ந்து படம் வரைந்தேன். கரும்பலகை ஐயா சொன்னது போல அளவுகோல் வைத்து, மில்லிமீட்டர் தாளில். ரயிலின் சாய்ந்த கோடு இரண்டு மின்னல் புள்ளிகளுக்கும் நடுவில் போகிறது, முன்பக்கப் புள்ளி கோட்டுக்குக் கீழே, பின்பக்கப் புள்ளி கோட்டுக்கு மேலே. அதை வரைந்த பிறகுதான் "முதலில்", "பிறகு" என்ற சொற்கள் எந்தக் கோட்டை வைத்துச் சொல்கிறோம் என்பதோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று கையிலேயே தெரிந்தது.

அப்புறம் நானாக ஒன்று சேர்த்தேன், சரியா என்று பாருங்கள். அதே தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தண்டவாளத்தில், அதே நீளமுள்ள இன்னொரு ரயில் எதிர்த்திசையில் அதே 180 வேகத்தில் வருகிறது. இரண்டு ரயிலும் பிளாட்பாரக் கணக்கில் 10.00-க்குச் சரியாக ஒன்றின் பக்கத்தில் ஒன்று நிற்பது போல அமைகின்றன, மூன்று நடுக் கடிகாரங்களும் அப்போது 10.00. எனவே ஒவ்வொரு முனையிலும் ஒரே மின்னல் இரண்டு ரயிலையும் பிளாட்பாரக் கடிகாரத்தையும் சேர்த்துத் தாக்குகிறது. முதல் ரயில் கிழக்கே போகிறது என்று வைத்தால் அதற்குக் கிழக்கு மின்னல் முதலில், எதிர் ரயிலுக்கு மேற்கு மின்னல் முதலில் வருகிறது, அதே 1.5 இடைவெளி.

எட்டாம்வாய்ப்பாடு

சரியாக இருக்கிறது. எதிர் ரயிலுக்கும் அதன் எஞ்சின் முனைதான் முதலில், அதன் எஞ்சின் மேற்கே இருக்கிறது. வகுப்பில் இதையே காட்டுங்கள், என் எண்களைவிட இது நன்றாக இருக்கிறது. கிழக்கு முனைக்குப் போய்த் தேடினால் ஒரே மின்னலில், ஒரே இடத்தில், ஒன்றாகக் கருகிய மூன்று கடிகாரங்கள் கிடைக்கும்: முதல் ரயிலின் எஞ்சினில் 9.25, பிளாட்பாரத்தில் 10.00, எதிர் ரயிலின் கார்டு பெட்டியில் 10.75.